கூடுதல் எழுபத்தெட்டாயிரம்

வண்ணார்பேட்டை ஷோரூமில்
ரெண்டும் ஒரே வெள்ளை, ஒரே எஞ்சின், ஒரே நாலு சக்கரம்.
ஒன்றில் மட்டும் டேஷ்போர்டு நடுவே
கறுப்பாய் ஒரு பலகை.
"போன மாட்டுனா போதும் மேடம்,
போன்ல உள்ளதெல்லாம் இதுல வந்துரும்" என்றான் ஜெபசிங்.
அதற்கு எழுபத்தெட்டாயிரம்.

என் கணக்கில் அது
இரண்டாம் ஈத்து ஜெர்ஸி ஒன்று,
கன்றோடு, கயிற்றோடு.
ஜெர்ஸி பால் கறக்கும்.
இது என் போனை எனக்கே திருப்பிக் காட்டும்.

போனில் உள்ளதெல்லாம் என்றால்
சினை ஊசித் தேதிகள்,
மடிநோய்ப் படங்கள் பதினாறு,
சொரிமுத்து வாலுக்கடியில் பிடித்து அனுப்பிய வீடியோ,
பால் சொசைட்டி குரூப்பின் காலை வணக்கங்கள்.
பெரிதாய்த் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

ஆனால் கன்றின் கால் மடங்கிக் கிடக்கும் நடுராத்திரியில்
ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் கியர்.
"வெரசா வாங்கம்மா, தலை தெரியுது" என்று கத்துகிறவனுக்கு
எந்தக் கையால் பதில் சொல்ல?
போன மாதம் பருத்திப்பாடு வளைவில்
மைல்கல்லில் உரசிய கோடு
பழைய வண்டியின் கதவில் இருக்கிறது.

டெஸ்ட் டிரைவ்.
ரெட்டியார்பட்டி மலையைப் பிளந்து போகிற நாலுவழிச் சாலை.
மேப்பில் நீலக்கோடு வழுக்கிக்கொண்டு முன்னால் ஓடியது.
"எங்க வேணா கேளுங்க மேடம், வழி சொல்லும்."
மூலைக்கரைப்பட்டி தாண்டி,
வேதக்கோயிலுக்கு மேக்க, வாய்க்கால் பாலத்துல இறங்கி,
மூணாவது தொழு.
அது யோசித்தது. சுழன்றது.
"நெட் ஸ்லோ" என்றான்.

அப்போது டிங் என்றது.
முப்பிடாதி.
என் அக்கா தமிழை இங்கிலீஷ் எழுத்தில்தான் தட்டுவாள்.
இதுதான் சமயம் என்று ஜெபசிங் அமுக்கினான்.
விமானத்தில் பெல்ட் போடச் சொல்கிறவள் மாதிரி
ஒரு பெண்குரல் வாசித்தது:
"யெட்டி. என் கேமல். எப்பா மீட் பா."

மலை தாண்டும்வரை இருவரும் பேசவில்லை.
பிறகு மெதுவாகக் கேட்டான்:
"மேடம் ஒட்டகமும் பாப்பீங்களா?"

"பாப்பேன்" என்றேன்.

ஒன்றரைப் பவுன் கம்மல்.
நான் கிளினிக் போடக் கழற்றிக் கொடுத்தது.
மூன்று வருடமாய் இதே கேள்விதான்.
கல்யாண வீட்டுப் பந்தியில், ரசத்துக்கும் பாயசத்துக்கும் நடுவில்
கேட்டிருக்கிறாள்.
போனில் கேட்டபோது, மாடு கத்துது என்று நான் வைத்திருக்கிறேன்.
அவள் வாயைத் திறந்தால் கோபம்தான் முதலில் வரும்.
கோபத்துக்குப் பதில் சொல்லியே பழகிவிட்டேன்.
இந்தக் குரலுக்குக் கோபம் தெரியாது, அக்கா தெரியாது,
கம்மலுக்கும் ஒட்டகத்துக்கும் வித்தியாசம் தெரியாது.
அதனால் கேள்வி மட்டும்
தனியாக வந்து மடியில் விழுந்தது.
எப்ப மீட்ப?

கீழ் மாடலுக்குக் கையெழுத்துப் போட்டேன்.
ஜெபசிங் பேனாவை வாங்கிக்கொண்டு
ஒட்டகத்தை மறக்காத முகத்தோடு சிரித்தான்.

அசலும் வட்டியும் எழுபத்தோராயிரத்துச் சொச்சம்.
மிச்சத்தில், இருநூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு போன் ஸ்டாண்டு.
மூன்றடைப்பு வேகத்தடையில் தினமும் கழன்று
பிரேக்குக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது, சவம்.
அந்த ஒரு இடத்தில் மட்டும்
மேல் மாடலே எடுத்திருக்கலாமோ என்று தோன்றும்.

நேற்றும் அங்கேதான் ஓரங்கட்டி,
தலைகீழாய்க் குனிந்து துழாவி எடுத்தேன்.
முப்பிடாதி எழுதியிருந்தாள்:
ஏட்டி, ஒரு காது ஓட்டை தூந்துபோச்சு.
குத்திவிட வா.
மாட்டூசியத் தூக்கிட்டு வந்துராத.

வண்டியில் யாரும் இல்லை.
அந்த விமானக்காரி குரலில்
சத்தமாய் ஒருதடவை வாசித்துப் பார்த்தேன்.
சரியாக வரவில்லை,
பாதியிலேயே அக்கா வந்துவிட்டாள்.

சொரிமுத்து நாலு மிஸ்டு கால்.
ஐந்தாவதை எடுத்தேன்.
"எங்கம்மா நிக்கீங்க?"